கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

பேராசிரியர் பூரணவல்லிக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் கணிதம் கற்க வந்த வியாகப்பனுக்கு ஐம்பத்து மூன்று. அரசு மருத்துவராக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து மாணவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த வயசில எதுக்கு டாக்டர்?" என்று பூரணவல்லி முதல் நாளே கேட்டுவிட்டார்.

"எங்க ஊர்ப்பக்கம் உப்பளத்தில வேலை செய்யிறவங்களுக்கு சிறுநீரகம் கெட்டுப்போகுது மேடம். சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. ஒவ்வொருத்தரையா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அலுத்துப்போச்சு. எவ்வளவு வேகத்தில கெடுதுன்னு எனக்குத் தெரியணும்."

"வேகம்னா அது கணக்குதான்" என்றார் பூரணவல்லி. சேர்த்துக்கொண்டார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே அளத்தங்கரை என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் பாதிப்பேர் உப்பளத்தில் வேலை செய்தார்கள். வெயில், குடிக்கும் தண்ணீர், உடம்பு வலிக்கு விழுங்கும் மாத்திரை எல்லாவற்றையும் உள்ளே போட்டால், யாருடைய சிறுநீரகம் எப்போது நின்றுபோகும் என்று சொல்லும் ஒரு சமன்பாடு. அதுதான் ஆய்வு. வெளிநாட்டிலிருந்து நிதி வந்தது.

ஆய்வின் விதிகளை வியாகப்பனே எழுதினார். அதில் ஒன்று, ஆய்வு முடியும்வரை யாருக்கும் அவரவர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லக்கூடாது என்பது. சொன்னால் பயந்துபோய் வாழ்க்கையை மாற்றிக்கொள்வார்கள். நோயின் இயல்பான வேகம் தெரியாமல் போய்விடும்.

பூரணவல்லி அதைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

முதல் வருடம் ஊரே வந்து கையை நீட்டியது. இரண்டாம் வருடமும் வந்தது. மூன்றாம் வருடம் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டுக் காத்திருந்தபோது ஒரே ஒரு பெண்மணி வந்தார். பேச்சித்தாய். அளத்திலிருந்து நேராக வந்திருந்தார். கணுக்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"உக்காருங்கம்மா" என்று நர்ஸ் ஊசியை எடுத்தார்.

"உக்கார வரலை. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." பேச்சித்தாய் வியாகப்பனைப் பார்த்தார். "ரெண்டு மட்டம் ரத்தம் எடுத்தீய. என்ன இருந்துச்சுன்னு ஒரு ஆளுகிட்டயாவது சொன்னீயளா?"

"ஆய்வு முடிஞ்சதும் சொல்லுவோம்மா."

"எங்க வீட்டு ஆட்டைக் கொண்டுபோனாக்கூட மாட்டு டாக்டரு இன்ன நோவுன்னு சொல்லித்தானய்யா அனுப்புதாரு."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் அளத்துக்குத் திரும்பிவிட்டார். அதன்பிறகு யாரும் வரவில்லை.

வெயில் ஏறியது. வியாகப்பன் சலித்துப்போய்க் கேட்டார்: "இவங்களை எப்படி மேடம் வரவழைக்கிறது?"

பூரணவல்லி காலி நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க டாக்டர். கையை நீட்டுங்க."

"என் ரத்தமா? எதுக்கு?"

"ஒரு புள்ளி குறையுது."

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தபடி சட்டைக் கையைச் சுருட்டினார். நர்ஸ் ரத்தம் எடுத்தார். குழாயில் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை ஒட்டினார்.

அடுத்த வாரம் பூரணவல்லி தன் அறையில் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். குறுக்கே வயது, நெடுக்கே சிறுநீரகத்தின் வலு. நூற்றுக்கணக்கான புள்ளிகள். நடுவே சரிந்து இறங்கும் ஒரு கோடு.

"இதில ஒண்ணு நீங்க" என்றார்.

வியாகப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஐம்பத்தாறு வயதுக்கு நேரே மூன்று புள்ளிகள் இருந்தன. இரண்டு கோட்டை ஒட்டி. ஒன்று மட்டும் மிகவும் கீழே, தனியாக.

இத்தனை நாளும் அவர் கோட்டைத்தான் பார்த்திருந்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்ததில்லை.

"எது மேடம் நான்?"

"எதுவா இருந்தா என்ன? கோடு நல்லா வந்திருக்கு."

"அந்தக் கீழ இருக்கிறதா?"

"ஆய்வு முடியட்டும், சொல்றேன்."

"விளையாடாதீங்க. அது நானா இருந்தா இப்பவே வைத்தியம் தொடங்கணும்."

"தொடங்கினா இயல்பான வேகம் தெரியாதே டாக்டர்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது என்னோட ரத்தம்!"

பூரணவல்லி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாகப்பன் கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தார். முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். வீட்டில் மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்த்தார்.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குள் நுழையும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லை மேடம். கிரியாட்டினின் நார்மல். நானே பார்த்துக்கிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப அந்தக் கீழ இருக்கிற புள்ளி நீங்க இல்லை."

"நான் இல்லை."

"அப்ப அது வேற யாரோ."

வியாகப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"போய்ச் சொல்லிடணும்" என்றார்.

"சொன்னா?"

"தண்ணி குடிப்பாங்க. வலி மாத்திரையை நிறுத்துவாங்க. உச்சி வெயிலில இறங்க மாட்டாங்க."

"என் சமன்பாடு?"

"பொய்யாப் போயிடும்."

"உங்க பட்டம்?"

"பொய்யாப் போகட்டும் மேடம்."

பூரணவல்லி எழுந்து கார் சாவியை எடுத்தார்.

செய்தி எப்படியோ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் தணிகைமலைக்குப் போய்விட்டது. கார் நிறுத்தும் இடத்துக்கே அவர் வந்துவிட்டார்.

"என்ன செய்யப் போறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யிறீங்களா? விதியை மீறினா நிதி அன்னைக்கே நின்னுடும். அதில நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க பேராசிரியர்."

"போட்டேன் சார். தப்பு. அதைத் திருத்தத்தான் போறேன்."

"குழுவில வச்சுப் பேசலாம். ஒரு மாசம் பொறுங்க."

"ஒரு மாசத்தில அவங்களுக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட எனக்குத் தெரியும். அதனாலதான் பொறுக்க முடியலை."

"இந்தக் கேட்டைத் தாண்டினா இது நிறுவனத்தோட வேலை இல்லை."

வியாகப்பன் முன்னால் வந்தார். நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி இயக்குநரின் கையில் கொடுத்தார். "வச்சுக்குங்க சார். டாக்டர்ங்கிறதுக்கு எனக்கு இது தேவையில்லை."

கார் வெளியே போனது.

அளத்தங்கரையில் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். பேச்சித்தாய்க்குத் தொடக்க நிலைதான்.

"தண்ணி நிறையக் குடிக்கணும்மா."

"குடிச்சா ஒதுங்க எங்க போக? அளத்தில ஒரு மறைப்பு உண்டா? பொம்பளைய காலையிலயிருந்து வாயை நனைக்கிறதே கிடையாது."

பூரணவல்லியின் சமன்பாட்டில் தண்ணீர் இருந்தது. மறைப்பு இல்லை.

கடைசியாகச் சுயம்புலிங்கம் வந்தார். நெடுநெடுவென்ற ஆள். உப்பு மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்தாறு வயது. வியாகப்பன் எதையும் மறைக்காமல் சொன்னார்.

சுயம்புலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும் டாக்டரையா?"

பூரணவல்லி பதில் சொல்ல நிமிர்ந்தார். வியாகப்பன் கையால் தடுத்தார்.

"போன வருஷமே முடிவு எங்க கையில இருந்துச்சு. சொல்லக்கூடாதுன்னு விதி எழுதினவன் நான்தான்."

சுயம்புலிங்கம் அவரை அடிப்பார் என்றுதான் நர்ஸ் நினைத்தார். அவர் அடிக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாசலில் நின்று, திரும்பாமலே, "மத்தவங்களுக்குச் சொல்லிட்டீயல்லா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டோம்."

அவர் போய்விட்டார்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே ஊர் வந்து வரிசையில் நின்று கையை நீட்டியது.

நிதி நின்றது. பூரணவல்லிக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவர் பதில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். வியாகப்பன் பழைய மருத்துவ நண்பர்களிடம் சொல்லிப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்ய வைத்தார். பேச்சித்தாயும் மற்றப் பெண்களும் மறைப்பு கேட்டு, பாத்தியில் இறங்காமல் வரப்பில் உட்கார்ந்தார்கள். அளத்து முதலாளி வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்றார். கொண்டுவந்தார். வந்தவர்களும் இவர்களோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கழிப்பறை வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. மதியம் வேலை இல்லை என்றானது.

சுயம்புலிங்கத்தை வியாகப்பன் வாரத்துக்கு இரண்டு முறை தன் காரிலேயே டயாலிசிஸுக்கு அழைத்துப்போனார். வழியில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அடுத்த கார்த்திகையில் சுயம்புலிங்கம் இறந்துபோனார்.

இரண்டு வருடம் கழித்து, நிறுவனம் கைவிட்டும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வியாகப்பனின் ஆய்வேட்டின் மேல் வாய்மொழித் தேர்வு நடந்தது. அன்று ஊருக்குப் போக வேண்டாம் என்று தடுத்த இயக்குநரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் குறுக்கே பேசக்கூடாது என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள்.

திரையில் வேறொரு படம் தெரிந்தது: குறுக்கே சமன்பாடு சொன்ன வலு, நெடுக்கே உண்மையில் இருந்த வலு, இரண்டும் ஒத்துப்போனால் புள்ளி விழவேண்டிய ஒரு கோடு. புதிய புள்ளிகள் எல்லாம் அதற்கு மேலே, வெகு மேலே சிதறிக் கிடந்தன.

டெல்லியிலிருந்து வந்த தேர்வாளர் முதியவர். கெட்டிக்காரர். கேலி செய்கிறவரும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டாக்டர், உங்க சமன்பாடு இவங்க எல்லாருக்கும் கெடுதல்னு சொல்லியிருக்கு. ஒருத்தருக்கும் அப்படி நடக்கலையே."

வியாகப்பன் தலையசைத்தார்.

"இல்லை, இருங்க." தேர்வாளர் குச்சியை நீட்டினார். கோட்டின் மேலேயே, இம்மியும் பிசகாமல், ஒரு புள்ளி இருந்தது. "இந்த ஒண்ணு சரியா வந்திருக்கு. இந்த ஒருத்தர்கிட்ட உங்க சமன்பாடு ஜெயிச்சிருக்கு. இது எப்படி?"

வியாகப்பன் அந்தப் புள்ளியைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பூரணவல்லி எழுந்து நின்றார்.

"வழிகாட்டி பேசக்கூடாது" என்றார் இயக்குநர்.

"தெரியும் சார்" என்றார் பூரணவல்லி. பிறகு தேர்வாளரைப் பார்த்துச் சொன்னார்: "அவர் பேரு சுயம்புலிங்கம். அவர்கிட்ட நாங்க பிந்திச் சொன்னோம்."