மார்ஷல் பட்டமும் மாலை போட்ட கழுதையும்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றைக் கனகவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். புதிதாக எதைக் கண்டாலும் அது உடனே வேண்டும் என்பார், அது ஒன்றுதான் குறை. ஒரு வருஷம் பேசும் கிளி கேட்டார். அடுத்த வருஷம் கண்ணாடி விளக்கு. இந்த வருஷம் வெள்ளைக் குதிரை.

குதிரையைக் கப்பலில் கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்கார வியாபாரி. பால் நிறத்தில் ஓங்குதாங்கான குதிரை. அதைக் கவனிக்கத் தன் ஊர்க்காரனான ராபின் என்ற குதிரைக்காரனையும் லாயத்தில் விட்டிருந்தார். சபையில் விருந்து உபசாரம் முடிந்ததும் ராஜா மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியின் மூலம் அவரிடம் கேட்டார்.

"உங்கள் நாட்டில் படைத் தலைவருக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த பட்டம் எது?"

"மார்ஷல், அரசே."

ராஜா அந்தச் சொல்லை நாலைந்து முறை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். கற்கண்டு மாதிரி இருந்தது. "நம் நாட்டிலும் ஒரு மார்ஷல் இருக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பட்டத்தை வழங்கப் போகிறோம்" என்று அறிவித்துவிட்டார்.

சேனாதிபதி வல்லபராயரின் கை தானாக மீசைக்குப் போயிற்று. தன்னை விட்டால் வேறு யாருக்கு என்ற நினைப்பு. ஆனால் அந்தச் சபையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. எந்தப் பட்டமானாலும், அதன் பெயர் எந்த வேலையில் பிறந்ததோ அந்த வேலையைப் பட்டம் வாங்குபவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு நாழிகை செய்து காட்ட வேண்டும். பாட வராத ஒருவர் ராஜாவின் தாத்தாவிடம் சங்கீதப் பட்டம் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து வந்த வழக்கம் அது. போன வருஷம் 'பாகசிரோமணி' பட்டம் வாங்கிய சமையற்காரர் சபை நடுவில் ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டி மந்திரிகள் அத்தனை பேரையும் அழ வைத்தார்.

"மார்ஷல் என்ற சொல் எந்த வேலையில் பிறந்தது என்பது யாருக்கும் தெரியாதே" என்றார் ராஜா.

வல்லபராயர் எழுந்தார். "அரசே, மயிலேறி அறியாதது உண்டா? மூன்று நாளில் அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் எல்லாம் அறிந்தவர் என்று இங்கே உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. கழுதைமேல் பின்னோக்கி உட்கார்ந்து ஊரை விட்டுப் போகட்டும்."

மயிலேறிதான் அந்தச் சபையின் விகடகவி. பெயர் மயிலேறியே தவிர, குதிரை வருகிற தெருவில் அவன் நடக்கவே மாட்டான். அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வல்லபராயருக்கு வயிறு எரியும். இன்று சரியான சமயம் வாய்த்தது. விளையாட்டுப் பிரியரான ராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் விடிந்ததுமே வியாபாரியையும் துபாஷியையும் வல்லபராயர் காட்டுக்கு வேட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். மயிலேறி கேட்க ஆள் இருக்கக் கூடாதல்லவா. அவர்கள் குதிரையில் போனார்கள். இடுப்பில் பிடிப்பு என்று சொல்லிச் சேனாதிபதி பல்லக்கில் போனார். அந்தப் பிடிப்புக்குப் பத்து வயது ஆகிறது.

மயிலேறிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்தவன், இந்த ஊர்ச் சிரிப்பில் சோறு தின்பவன். வேறு ஊரில் போய் இதே வேடிக்கையைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? அவன் மனைவி செண்பகம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த ஊரு ஆளு இன்னொருத்தரு இங்கனதான இருக்காரு. அவர கேட்டா என்ன?" என்றாள் அவள்.

"யாரு?"

"குதிரைக்காரரு."

சபையில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. குதிரைக்காரனிடம் போய் யார் அர்த்தம் கேட்பார்கள்? மயிலேறி லாயத்துக்கு ஓடினான். ஓடினவன் குதிரையைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றான்.

"ராபின், அங்கேருந்தே சொல்லும். மார்ஷல்னா என்ன?"

மூன்று கப்பல் குதிரைகளோடு வந்து போனதில் ராபினுக்கு லாயத்துத் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அது எங்க பேருதாங்க. ரொம்ப ரொம்பப் பழைய காலத்துல 'மார்'னா குதிரை. இப்பவும் பொட்டக் குதிரைய எங்க ஊர்ல 'மேர்'னுதான் சொல்வோம். 'ஸ்கால்க்'னா வேலைக்காரன். ரெண்டும் சேந்ததுதான் மார்ஷல். குதிரைக்குத் தேச்சுவிட்டு, புல்லு போட்டு, சாணி அள்ளுற ஆளு."

"அப்புறம் எப்படி ஐயா படைத் தலைவர் ஆனான்?"

"ராஜாவோட குதிரை நல்லாருந்தாத்தான சண்டை ஜெயிக்கும்? அதனால குதிரைக்காரன லாயத்துக்குத் தலைவனாக்கினாங்க. பெறவு குதிரைவீரனுக்கெல்லாம் தலைவனாக்கினாங்க. கடைசில படைக்கே தலைவன். இப்ப அரண்மனை விருந்துல யாரு எங்க உக்காரணும்னு சொல்ற ஆளுக்கும் அதே பேருதான். பேரு மேல ஏறிப் போயிருச்சு. நாங்க இங்கயே நிக்கிறோம்."

மயிலேறிக்கு உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அரண்மனை வாசலில் ஒரு கழுதை நின்றது. வல்லபராயரின் ஆட்கள் அதைக் குளிப்பாட்டி, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மயிலேறி அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனான்.

"கண்டுபிடித்தாயா?" என்றார் ராஜா.

"கண்டுபிடித்தேன், அரசே. ஆனால் சிறிது கடினமான வேலை. சேனாதிபதி அவர்களால் முடியுமோ என்று அஞ்சுகிறேன். அவருக்கு இடுப்பில் வேறு பிடிப்பு."

வல்லபராயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னால் முடியாத வேலை இந்த நாட்டில் உண்டா? எதுவானாலும் செய்கிறேன். அரசே, பட்டத்தைத் தாருங்கள்."

ராஜா பட்டத்துக்குரிய தலைப்பாகையை அவர் தலையில் கட்டிவிட்டார். ஒரு முறை கட்டிய பட்டத்தை அவிழ்ப்பது அந்த நாட்டில் வழக்கமில்லை. அது முடிந்ததும் மயிலேறி கை தட்டினான். வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு ராபின் வந்தான். மறு கையில் ஒரு வாளி, தேய்க்கும் பிரஷ், சாணிக்கூடை.

மயிலேறி விஷயத்தைச் சொன்னதும் சபை திகைத்தது. வல்லபராயர் முகம் சிவந்து, "குதிரைக்காரன் பேச்சை நம்புவதா?" என்றார். துபாஷி வியாபாரியிடம் கேட்டுவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உண்மைதான் அரசே. மூன்று நாள் வேட்டையில் சேனாதிபதி அவர்கள் பட்டத்தின் பெருமையை மட்டும்தான் விசாரித்தார். பிறப்பை விசாரிக்கவில்லை."

வேறு வழியில்லை. சேனாதிபதி பிரஷை எடுத்தார். குதிரை ஒரு செருமல் செருமியது. சேனாதிபதி மூன்றடி பின்வாங்கினார். இடுப்புப் பிடிப்பின் ரகசியம் சபைக்குப் புரிந்துவிட்டது. படைக்குத் தலைவர், குதிரைக்குப் பயம்.

ராபின் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "குதிரைக்குப் பின்னால போகாதீங்க ஐயா. தோள்பக்கமா வாங்க. மொதல்ல கழுத்தத் தடவுங்க. பயந்தா அதுக்கும் பயம்."

வல்லபராயர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். குதிரை சும்மா நின்றது. ஒரு கண்ணைத் திறந்தார். தேய்த்தார். கால் நாழிகையில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஒரு நாழிகை முடியும்போது குதிரை அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு புதுத் தலைப்பாகையின் குஞ்சத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவர் தடுக்கவில்லை.

ராஜா அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் அப்போது சிரித்தார்.

"அரசே, லாயத்திலிருந்து படைத் தலைமைக்கு ஏற அந்தச் சொல்லுக்குப் பல நூறு வருஷம் பிடித்தது. நம் சேனாதிபதி இறங்கி வர ஒரு நாழிகைதான் பிடித்தது" என்றான் மயிலேறி.

ராஜா ராபினுக்குத் தன் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிப் போட்டு, அவனை லாயத்துக்கே தலைவனாக்கினார். பிறகு மயிலேறியிடம் திரும்பினார். "யோசிக்காமல் உன்னைப் பணயம் வைத்துவிட்டேன். இந்தக் குதிரையையே உனக்குத் தருகிறேன்."

மயிலேறி இரண்டடி பின்வாங்கினான். "வேண்டாம் அரசே. எனக்கென்று ஒரு வாகனத்தைச் சேனாதிபதி ஏற்கெனவே வாசலில் நிறுத்தியிருக்கிறார். மாலைகூடப் போட்டிருக்கிறது. அதைக் கொடுங்கள். முன்னோக்கி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறேன். செண்பகம் காத்திருப்பாள்."

"கொடுத்தோம். அதனுடன் ஆயிரம் பொன்னும் தந்தோம். ஆனால் கழுதையை யார் குளிப்பாட்டுவது, யார் புல் போடுவது? உனக்கு அதெல்லாம் பழக்கமில்லையே."

மயிலேறி சேனாதிபதியின் தலைப்பாகையைப் பணிவோடு பார்த்தான்.

"அதற்கென்ன அரசே. நாட்டுக்குத்தான் ஒரு மார்ஷல் கிடைத்துவிட்டாரே."