மடத்து இலுப்பையில் ஒரு கூகை

மடத்து அம்மாவுக்குக் காய்ச்சல். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். விடிந்ததும் ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, கஞ்சியும் சுக்குக் கஷாயமும் வைத்துவிட்டுக் கலைந்துபோனார்கள். தீர்த்தகிரி மட்டும் போகவில்லை. கூகைப்பட்டியின் ஊராட்சித் தலைவர். அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் அவளுடைய சீடர்.

"உடம்பு இப்படி இருக்கறப்போ கேக்கக் கூடாதும்மா."

"கேக்கத்தானே நிக்கிறீங்க."

"இன்னிக்குக் கிராம சபை. ஊர்ப் பேரை லட்சுமிபுரம்னு மாத்தப்போறோம். பஸ்ஸுல கண்டக்டர் 'கூகையெல்லாம் எறங்கு'ங்கறான். எம்பொண்ணு பூவாயியப் பாக்க வந்தவங்க ஊர்ப் பலகையப் படிச்சிட்டு வண்டியத் திருப்பிட்டாங்க. இது ரெண்டாவது இடம்."

"கூகையும் ஆந்தைதானே. வடக்கே லட்சுமிக்கு அதுதான் வாகனம். உங்க புது ஊருக்கும் அதுமேல ஏறித்தான் வரணும்."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணன் மகன் படிக்கிற காலேஜ் சின்னத்துலயும் ஆந்தைதான். அறிவுக்கு அடையாளமாம். அங்கெல்லாம் அது என்னவா வேணா இருக்கட்டும். நம்ம ஊர்ல அது சாவு. உங்க இலுப்பை மரத்துல அது கத்திக்கிட்டிருந்தா, பேரை மாத்தி என்ன பிரயோசனம்? மரத்த வெட்ட நீங்கதான் உத்தரவு தரணும்."

அம்மா கஷாயத்தை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"காலைல எல்லாரும் ஏன் இங்க வந்தீங்க?"

"ராத்திரி கூகை கத்துச்சு. கத்துனா விடிஞ்சதும் வீடு வீடாப் போய் யாருக்கு என்னன்னு பாக்கறது நம்ம ஊர் வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?"

"அதுக்கு முன்னாடி எப்பக் கத்துச்சு?"

"போன மாசம். தங்காயி வழுக்கி விழுந்து எந்திரிக்க முடியாம கெடந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம்."

"செத்துப்போயிட்டாளா?"

"ஐயோ, இல்லம்மா. இந்தக் கஞ்சியே அவ காச்சுனதுதான்."

அம்மா கஞ்சிச் சட்டியைப் பார்த்தாள். மூடியிருந்த தட்டில் ஆவி வேர்த்திருந்தது.

"எனக்கு எப்பக் காய்ச்சல் வந்துச்சு?"

தீர்த்தகிரி யோசித்தார். "நேத்துங்களா?"

"அமாவாசைக்கு."

அமாவாசை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"பேர் மாத்துற வேலையா அலைஞ்சேன். இந்தப் பக்கம் வர முடியல," என்றார் மெதுவாக.

"வெட்டிக்குங்க," என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாத்தான். பூவாயி கல்யாணம் நடக்கட்டும். இனிமே ராத்திரில யாரு கத்தறதுன்னு மட்டும் சபையில முடிவு பண்ணிட்டு வெட்டுங்க."