கிள்ளிவிட்ட நுனி

வேதியியல் பேராசிரியர் தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு மூலிகை காட்டிக்கொடுத்த இருளர் பெண் கன்னிமாவுக்கு முப்பத்தைந்து. ஆய்வு நோட்டில் 'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. குரு என்று எழுத அதில் கட்டம் இல்லை, பாவம்.

முதல்முறை அவள் பறித்துத் தந்த கொடியின் சாறு, புண்ணைச் சீழாக்கும் கிருமிகளை ஆய்வகத் தட்டில் கொன்றது. சாற்றில் புதிதாக ஒரு சேர்மமும் தெரிந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே வண்டியோடு போய் நின்றார்.

"இன்னும் பத்து கிலோ வேணும், கன்னிமா."

அவள் கொடியில் ஒரு நுனியைக் கிள்ளினாள். "நாளிக்கி வரேன்" என்று கொடியிடம் சொன்னாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"நீங்களும் நாளிக்கி வாங்க, சார். சொன்ன அன்னிக்கே எடுக்கக் கூடாது."

"செடிகிட்ட என்னம்மா பேச்சு? வண்டி நிக்குது."

அவரே பறித்து மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

அந்த இலையில் சேர்மம் இல்லை. கிருமிகள் கொழுத்து வளர்ந்தன. திரும்பி வந்து, தெருவே பார்க்க, "வேற கொடியக் காட்டி ஏமாத்திட்டியே" என்று கத்தினார். அதோடு கன்னிமாவிடம் பச்சிலை மருந்துக்கு ஊரார் வருவது நின்றது.

ஒன்றரை வருடம் கழித்துப் பழைய நோட்டைப் புரட்டினார். 'முந்தின நாள் நுனியைக் கிள்ளினாள், செடியிடம் சொன்னாள்' என்ற முதல்முறைக் குறிப்பை அவரே சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'மூடநம்பிக்கை' என்று எழுதியிருந்தார்.

அந்த மூட்டையோடு வந்த ஒரு தண்டு ஆய்வகத் தொட்டியில் தழைத்திருந்தது. அதில் ஒரு நுனியைக் கிள்ளினார். மறுநாள் பறித்த இலையில் சேர்மம் இருந்தது. காயம்பட்ட கொடி, தன்னைக் காத்துக்கொள்ள ஒரே நாளில் அதைச் சுரந்திருந்தது. அடுத்த நாள் காலையிலேயே வண்டியோடு கிளம்பினார்.

அவர் போனபோது கன்னிமா செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. நீ காட்டினது அதே கொடிதான். எல்லாரையும் கூப்பிடு, அவங்க முன்னாலயே சொல்லிடறேன்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, கன்னிமா."

"இப்பவேவா சார்?"

"ஆமாம்மா. வண்டி நிக்குது."

கன்னிமா வண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கி சொல்லிட்டீங்க, சார். எடுத்துக்க நாளிக்கி வாங்க."