கிண்டுகிற மிஷினுக்கு ஒரு டிரைவ்

கோவில்பட்டிக்கு வெளியே தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில் ஒரு குரு இருந்தார். பெயர் உலகம்மாள். வயது முப்பத்தாறு. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் கோமதிநாயகம். ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தோறும் உலகம்மாளின் ஷெட்டுக்கு வந்து டிரைவ் வேலை கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ளச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கற்றுக்கொடுக்கச் சொல்லி உலகம்மாளையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு பேரும் அதை நினைத்து அடிக்கடி வருத்தப்பட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோமதிநாயகம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

"டீச்சர், நல்ல டிரைவா ஒண்ணு சொல்லுங்க. பெருசா."

"எதுக்கு?"

"கிண்டுற மிஷினுக்கு."

"அதுக்குத்தான் போன மாசக் கடைசியிலயே ஒண்ணு வாங்கி மாட்டிட்டீங்களே. என்னையக் கேக்காம."

கேட்காமல் வாங்கியது உண்மைதான். வெல்லப்பாகையும் கடலையையும் சேர்த்துக் கிண்டுகிற பெரிய சட்டி அது. பாகு தண்ணியாக இருக்கும்போது வேகமாகக் கிண்டலாம். கடலை விழுந்ததும் மெதுவாகக் கிண்ட வேண்டும், இல்லையென்றால் கடலை உடைந்து தூளாகும். பழைய மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும். டிரைவ் போட்டால் கடலை முழுசாக இருக்கும் என்று முதலாளியிடம் இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, சம்மதம் கிடைத்த அன்றைக்கே ஓடிப்போய் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மாட்டியபிறகு டீச்சரிடம் சொல்லி அசத்தலாம் என்று நினைத்திருந்தார்.

"ரெண்டாவது தடவையா டிரிப் ஆயி நின்னுட்டு டீச்சர். ஒரு சட்டி சரக்கும் கல்லாப் போச்சு. கடப்பாரை வச்சுப் பேத்தோம். மூணாவது தடவை நின்னா, பெட்டியும் நீரும் ஒரே ஆட்டோவுல வீட்டுக்குப் போங்கங்காரு முதலாளி."

ஆட்டோ என்ற வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. இருபத்தாறு வருஷம் அவர் ஆட்டோவில் வேலைக்குப் போனதே கிடையாது. சைக்கிள்தான்.

"மோட்டார் எவ்வளவு?"

"ஏழரை ஹெச்பி."

"பெட்டி?"

"அதுவும் ஏழரை. அதான் எனக்கு வெளங்கல. பத்து போட்ருவோமா? பதினஞ்சு?"

"அண்ணாச்சி, மிஷின் எப்போ கஷ்டப்படுது?"

"ஏழரை ஹெச்பி டீச்சர்."

"எவ்வளவு பெருசுன்னு கேக்கல. எப்போ கஷ்டப்படுதுன்னு கேட்டேன்."

"மிஷினுக்கு என்ன கஷ்டம்? கஷ்டமெல்லாம் எனக்குலா!"

உலகம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோமதிநாயகம் பையைத் திறந்து நாலு கம்பெனி கேட்டலாக்கை மேஜைமேல் பரப்பினார். உலகம்மாள் அதில் வழவழப்பானதாக ஒன்றை எடுத்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார்.

"மிஷின் பக்கத்துலயே நில்லுங்க. பெட்டி முகத்துல ஆம்பியர் ஓடும்லா, அதைப் பாத்து எழுதுங்க. எந்நேரத்துல திணறுது, அப்போ என்ன நடந்துச்சு. ஒரு வாரம்."

"டிரைவ் பேரு கேட்டு வந்தா நோட்டைக் குடுக்கீங்க."

"பேனாவும் வேணுமா?"

அந்த ஒரு வாரத்தில் அவர் உலகம்மாளுக்கு ஒன்பது முறை போன் செய்தார். திங்கட்கிழமை, ஜெர்மன்காரன் பெட்டி நல்லதா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை, சென்னையில் இருக்கும் மச்சினன் மகன் ஜப்பான் பெட்டிதான் நல்லது என்று சொல்வதாகச் சொன்னார். புதன்கிழமை, பெட்டிக்குத் தனியாக ஏசி ரூம் கட்டினால் சரியாகுமா என்றார். ஒவ்வொரு முறையும் உலகம்மாள் ஒரே பதிலைச் சொன்னார்.

"எழுதுனீங்களா?"

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டோடு வந்தார். உலகம்மாள் பிரித்துப் படித்தார்.

சனி: பாகு ஏழு ஆம்பியர். கடலை போட்டதும் ஒன்பது. கஷ்டம் இல்லை. ஞாயிறு: லீவு. திங்கள்: ஏழு, ஒன்பது. கஷ்டம் இல்லை. செவ்வாய்: அதேபடி. புதன்: அதேபடி. எனக்குக் கால் வலி. வியாழன்: அதேபடி. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் கோமதிநாயகம். "மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. பெட்டிதான் சொத்தை."

"வெள்ளிக்கிழமை?"

"நாளைக்கு எழுத முடியாது டீச்சர். பூஜை நாளு. எனக்குக் கை ஒழியாது."

உலகம்மாள் நோட்டை மூடி அவரிடமே நீட்டினார்.

"சரி. நீங்க எழுதாத நாளைக்கு நான் வாரேன்."

மறுநாள் பத்து மணிக்குச் சற்று முன்னால் உலகம்மாள் கம்பெனிக்குப் போனார். கோமதிநாயகத்தை முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. எட்டு முழ வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, இடது கையில் தட்டு, வலது கையில் பித்தளை மணி. இந்த வெள்ளிக்கிழமை பூஜையைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தவரே அவர்தான். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். மணி அடித்ததும் எல்லா மிஷினும் நிற்க வேண்டும், அதுவும் சரக்கோடு நிற்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கிற மிஷினுக்கு ஆரத்தி காட்டினால் தொழில் விருத்தியாகாது என்பது அவர் கட்சி. இதை முதலாளிகூட எதிர்த்துப் பேசியதில்லை.

உலகம்மாள் நேராகக் கிண்டுகிற மிஷினிடம் போனார். பாகு மாஸ்டர் செண்பகராஜ் அப்போதுதான் கடலையைக் கொட்டியிருந்தார். பெட்டி முகத்தில் ஒன்பது ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், இந்தச் சின்னச் சட்டியில ரெண்டு கரண்டி சரக்கு போடுங்க. ஒரு மரக்கரண்டியும் வேணும்."

அதைக் கோமதிநாயகத்தின் முன்னால் வைத்தார்.

"கிண்டுங்க."

"இப்பவா? மணி பத்தாகப் போவுது டீச்சர்."

"கிண்டுங்க."

தட்டையும் மணியையும் கீழே வைத்துவிட்டு, முனகிக்கொண்டே நாலு சுற்றுக் கிண்டினார்.

"எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? லேசா இருக்கு."

"அப்படியே வச்சிட்டுப் போயி பூஜையைப் பாருங்க."

கோமதிநாயகம் மணியை எடுத்து அடித்தார். அடுப்பு அணைந்தது. கிண்டுகிற மிஷின் நின்றது. வெட்டுகிற மிஷின் நின்றது. கடலை ஊதுகிற ஃபேன் நின்றது. அவர் ஒவ்வொரு மோட்டாராகப் போய், சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். ஒரு மோட்டாரையும் அவசரமாகக் கடக்கவில்லை. டிரைவ் பெட்டிக்கும் பக்கவாட்டில் ஒரு கை நிறையச் சந்தனம் அப்பினார். கடைசியில் தட்டை உலகம்மாளிடம் நீட்டினார். உலகம்மாள் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்.

"இப்போ கிண்டுங்க."

கோமதிநாயகம் கரண்டியைப் பிடித்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். சட்டியும் சேர்ந்து திரும்பியது. மேலே தூக்கினார். கரண்டியோடு சட்டியும் வந்தது.

அதே நேரத்தில், யாரும் சொல்லாமலே, வழக்கம்போல செண்பகராஜ் பெரிய மிஷினின் பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் உறுமியது. துடுப்பு கால் சுற்றுத் திரும்பியது. பெட்டி முகத்தில் எண் விறுவிறுவென்று இருபதைத் தாண்டி ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றது.

மூன்றாவது தடவை.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"என்னவே, ஆட்டோ கூப்பிடட்டுமா?"

கோமதிநாயகம் கையில் கரண்டி இருந்தது. கரண்டியில் சட்டி தொங்கியது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வோல்டேஜ் குறைவு என்று சொல்லியிருக்கலாம், முதல் தடவை அதைத்தான் சொன்னார். பெட்டி சொத்தை என்று சொல்லியிருக்கலாம், இரண்டாம் தடவை அதைத்தான் சொன்னார். இந்தத் தடவையும் எதையாவது சொன்னால் நம்புவதற்கு ஆள் இருந்தார்கள். அவர் தொங்குகிற சட்டியையே பார்த்தார்.

"பெட்டியைக் குத்தம் சொல்லக்கூடாது முதலாளி. நெறஞ்ச சட்டியோட நிப்பாட்டுனது நான். பாகு எறுகுன பிறகு இழுன்னா அது எப்படி இழுக்கும்? மூணு வெள்ளிக்கிழமையும் நாந்தான்."

முதலாளி உலகம்மாளைப் பார்த்தார்.

"அப்பம் இதுக்கு முன்னால இருந்த பழைய ஸ்டார்ட்டர் மட்டும் பதினோரு வருஷமா எப்படிம்மா இழுத்துச்சு?"

"அது முரடு. கரண்டை அள்ளிக் குடிச்சிட்டு இழுத்துரும். பூஜை முடிஞ்சு மிஷினைப் போடும்போது லைட்டெல்லாம் மங்குமே, பாத்ததில்லையா?"

வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் லைட் மங்கும்போது சாமி வந்து போவதாக நினைத்து, இன்னொரு தடவை கும்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் கோமதிநாயகம்தான்.

"இது அளவாத்தான் குடிக்கும். மீறுனா தன்னைக் காப்பாத்திக்கிட நின்னுக்கிடும்," என்ற உலகம்மாள், ஒரு துணியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுச் சந்தனத்தைத் துடைத்தார். முதல் வாரச் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். அதற்கு அடியில் ஒரு லேபிள் இருந்தது.

"வாசிங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். அதில் ஹெச்பி இரண்டு தடவை எழுதியிருந்தது. ஃபேன், பம்புக்கு ஏழரை. கனமான வேலைக்கு ஐந்து.

"கடைக்காரன் ஏழரைன்னுதானே சொன்னான்," என்றார் மெதுவாக.

"ஏழரைதான். காத்தைத் தள்ளுறதுக்கு. நீங்க எதைத் தள்ளப் போறீங்கன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

உலகம்மாள் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இதைக் கழட்டி கடலை ஊதுற ஃபேனுக்கு மாட்டுங்க, காலத்துக்கும் ஓடும். கிண்டுறதுக்கு, கனமான வேலைக்கே ஏழரைன்னு எழுதியிருக்கிற பெட்டியா வாங்குங்க."

"எதுக்கும்மா?" என்றார் முதலாளி. "சட்டியைக் காலி பண்ணிட்டு பூஜை போட்டா, இந்தப் பெட்டியே போதும்லா?"

"கரண்டு போனா? அது சட்டி காலியா இருக்கான்னு கேட்டுட்டா போவுது?"

முதலாளி தலையை ஆட்டினார். வாசல் வரை நடந்தவர், ஏதோ நினைத்துத் திரும்பினார். கோமதிநாயகம் இன்னும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"வேய், நீரு வேலையில இரும். மணியை மட்டும் செண்பகராஜ்ட்ட குடுத்திரும். சட்டி எப்போ காலியாவும்னு அவனுக்குத்தான் தெரியும்."

வேலை போகாது என்று தெரிந்ததும் கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே, வந்ததில் பாதி போனது. பதினோரு வருஷமாக அந்த மணியை அவர் வீட்டு ஆட்களைக்கூடத் தொடவிட்டதில்லை. கொடுக்கும்போது சத்தம் வந்துவிடாதபடி அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். செண்பகராஜும் அப்படியே நாக்கைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

உலகம்மாள் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். கோமதிநாயகம் நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. இதைப் போன வாரமே நீங்க சொல்லியிருந்தா, இருபது பேருக்கு முன்னால எனக்கு இந்த அவமானம் வந்திருக்குமா? ஒரு வாரமா கால் கடுக்க நின்னேன். ஒன்பது தடவை போன் பண்ணேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

உலகம்மாள் ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டார்.

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? மணி அடிச்சது நீங்க."