அரை இட்லியும் பேர் வெட்டிய தட்டும்

தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுச் சமையற்கட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. நல்ல கனமான தட்டு. விளிம்பில் ‘கோமதி’ என்று பேர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீரோடு வந்தது. இந்தக் கதை நடந்த சமயத்தில் அது ரொம்பவே அலுத்துப்போய்க் கிடந்தது.

வேலை செய்து வந்த அலுப்பு என்றால் ஒரு கழுவு கழுவினால் சரியாகிவிடும். இது வேறு அலுப்பு. நிரம்பிப் போவதும், போன மாதிரியே நிரம்பித் திரும்பி வருவதுமாக இருந்த அலுப்பு.

அந்த வீட்டு மாமியார் பேச்சியம்மாள் பொல்லாதவள் இல்லை. மருமகள் கோமதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று சந்தோஷத்தில் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதவள்தான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. அவரவர் தட்டில்தான் அவரவர் சாப்பிட வேண்டும். ஒத்தையாக எதையும் வைக்கக் கூடாது. இட்லி என்றால் ரெண்டிலிருந்துதான் ஆரம்பம். சாப்பிடுகிறவர் கையை விரித்துத் தட்டை மறைத்து, ‘போதும், போதும்’ என்று கதறிய பிறகும் ஒரு கரண்டி விழும். அந்தக் கடைசிக் கரண்டியில்தான் பிரியமே இருக்கிறது என்பது அவள் கட்சி.

தட்டும் அதே கட்சிதான். ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்கத்தான் தன்னை அடித்து வளைத்து மெருகு போட்டார்கள் என்று அது நம்பியிருந்தது. இப்போது என்னடாவென்றால், முதல் வாய் வைப்பதற்கு முன்பே ‘போதும்’ வந்துவிடுகிறது. அதைக் கேட்கிற போதெல்லாம் தட்டுக்குச் சீ என்று இருந்தது.

மசக்கை கோமதியைப் போட்டுப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, “போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க. அன்னைக்கும் இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்திரலாம்” என்று சொல்லியிருந்தாள். “கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடக் குடுங்க” என்றும் சொன்னாள். பேச்சியம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கேட்டது என்னவோ சரியாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் கைக்குக் ‘கொஞ்சம்’ என்றால் ரெண்டு கரண்டி. முன்பு மூன்று வேளை நிரம்பிப் போன தட்டு, இப்போது பொழுதுக்கும் நிரம்பிப் போயிற்று.

“கொஞ்சந்தான் தாயி போட்டுருக்கேன். ரெண்டு உசுருக்குல்லா திங்கணும்” என்பாள் பேச்சியம்மாள். தட்டில் சோறு குன்று மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் புளிக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம்.

கோமதி மாமியாரின் முகத்துக்காக ரெண்டு வாய் விழுங்குவாள். மூன்றாவது வாய்க்கு எழுந்து ஓடுவாள். ஓடிய வேகத்தில் ரெண்டு வாயும் வெளியே வந்துவிடும். வந்து அப்படியே அடுப்படித் தரையில், குளிர்ச்சிக்கு, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் அப்படிச் சாய்ந்து கிடந்தபோது, பக்கத்திலிருந்த தட்டு பொறுக்க முடியாமல் அவள் வயிற்றோடு சண்டைக்குப் போனது.

“ஏ வயிறே, உனக்கு மனசாட்சி இருக்கா? அந்தப் பிள்ளை கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. நான் கொண்டு வர்றதை வாங்கி வச்சா என்ன? திமிரா?”

வயிற்றுக்குப் பேசவே தெம்பு இல்லை.

“கத்தாதே, புண்ணியவதி” என்றது கடைசியில். “திமிர் பிடிச்சா திருப்பி அனுப்புதேன்? எனக்கே கையும் ஓடலை, காலும் ஓடலை. முன்ன மாதிரி நான் சுறுசுறுப்பா இல்லை. எல்லாம் மெதுவாத்தான் நடக்கு. ஒரு ஆள் வந்தா உக்கார வச்சு அனுப்பிருவேன். நீ கல்யாண வீட்டுக் கூட்டத்தையே கொண்டாந்து இறக்குத. யாரை உக்கார வைக்க, யாரை நிக்க வைக்க?”

“அப்போ காலியாக் கிடக்கப் போறியா?”

“காலியாக் கிடந்தா அது அதைவிட மோசம். அவன் வந்து உக்காந்துக்கிடுதான்.”

அவன் என்றால் குமட்டல். பேச்சு காதில் விழுந்ததும் நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி சிரித்தான். யாரும் கூப்பிடாமல் வந்து, யார் சொன்னாலும் போகாத விருந்தாளி.

“என்னைப் பத்தித்தானே?” என்றான். “நான் ஒரு குத்தமும் பண்ணலையே. ஆளில்லாத வீடுன்னா உள்ளே போயிருவேன். அதனாலதான் காலையில கண் முழிச்சதும் முதல் ஆளா நான் நிக்கேன். அப்புறம், ஒரே நெருக்கடியா இருக்கிற வீடுன்னாலும் போயிருவேன். கூட்டத்துல யாருக்கு யாரைத் தெரியும்?”

“வெட்கங்கெட்ட பயலே!” என்றது தட்டு.

“என்னை எதுக்கு வையுத? நீ வந்தா எனக்குக் கதவைத் தட்டுற வேலையே இல்லை. உன் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துருதேன். குழம்பு வாசனை உனக்கு முன்னால வந்து எனக்கு வழி சொல்லுது.”

தட்டுக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து பொரி டப்பா மெல்லத் தொண்டையைச் செருமியது.

“ஒண்ணு சொல்லலாமா? இன்னைக்குக் காலையில அந்தப் பிள்ளை படுக்கையை விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி எங்க ஆளுக நாலஞ்சு பேரை வாயில போட்டுச்சு. போனவங்க யாரும் திரும்பி வரலை.”

“நாலஞ்சு பொரியா? அது ஒரு சாப்பாடா?” என்றது தட்டு, பழக்கதோஷத்தில்.

ஆனால் குமட்டலின் முகம் கோணியதை அது பார்த்துவிட்டது.

“அந்தப் பொரிப் பயலுகளைப் பத்திப் பேசாதே” என்றான் குமட்டல். “உள்ளே ஒருத்தனோ ரெண்டு பேரோ உக்காந்து பேசிக்கிட்டு இருந்தா எனக்கு ஆவாது. நுழைய முடியலை. அவங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் வெளியே காத்துக் கிடக்கணும். நல்ல வேளை, அவங்க போன பிறகு இந்த வீட்டுல யாரும் அடுத்த ஆளை அனுப்ப மாட்டாங்க. மொத்தமா நீதான் வருவே.”

சொல்லிவிட்டு அவன் கொட்டாவி விட்டான். தட்டுக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. இத்தனை நாளும் பிரியம் பிரியம் என்று தூக்கிக்கொண்டு போனது இவனையா? அடிப்பாவி, நானா?

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். தட்டில் அப்படியே கிடந்த சோற்றைப் பார்த்தாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

“ஒண்ணுமே தங்க மாட்டேங்கு அத்தே” என்றாள் தரையில் கிடந்த கோமதி. குரலே எழும்பவில்லை. “இதுவும் தங்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு.”

“வாயைக் கழுவு. அதெல்லாம் தங்கும்” என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் தட்டைக் கழுவி மேடை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பேச்சியம்மாள் மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி போட்ட சத்தத்தில் அந்த வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. மேடையும் அதிர்ந்தது. அந்த அதிர்வில், இனிக் குமட்டலைச் சுமந்து போவதில்லை என்று, தட்டு வேண்டுமென்றே பிடியை விட்டுவிட்டது. தரையில் விழுந்து, விளிம்பால் உருண்டு, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது. பேர் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கல். வலித்தது. கிடக்கட்டும் என்று இருந்துவிட்டது.

மறுநாள் காலையில் வீடே அமர்க்களப்பட்டது.

“பேர் வெட்டின தட்டைக் காணுமே! ஏ சம்முகவேலு, நீ எடுத்தியா?” என்று மகனைக் கேட்டாள் பேச்சியம்மாள்.

“நான் எதுக்கும்மா எடுக்கேன்? என் தட்டுல போட்டுக் குடுங்க” என்றான் அவன், சட்டைப் பொத்தான் போட்டபடி.

“உன் தட்டுலயா? நல்லா இருக்கு.”

அடுக்கைத் துழாவினாள். மற்ற தட்டெல்லாம் ஆள் ஆளுக்குப் பாத்தியப்பட்டவை. யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது ஒரே ஒரு பாயசக் கிண்ணம். இட்லியை அதில் வைத்துப் பார்த்தாள். ஒன்று போய் உட்கார்ந்தது. இரண்டாவதற்கு இடமில்லை. அமுக்கினாள். நசுங்கியது, இறங்கவில்லை.

ஒத்தை இட்லியைக் கொண்டுபோய் நீட்டுவதா? அதுவும் பிள்ளைத்தாச்சிக்கு? பேச்சியம்மாள் சிலிண்டருக்கு முன்னால் நின்று யோசித்தாள். பின்னால் தட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவள் அந்த ஒரு இட்லியை எடுத்துச் சரிபாதியாகப் பிட்டுத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தாள்.

“ரெண்டாயிட்டுல்லா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோமதி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக, பார்த்தவுடன் எழுந்து ஓடத் தோன்றவில்லை. ஒரு பாதியைத் தின்றாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்தாள். வேலையெல்லாம் ஓய்ந்து பேச்சியம்மாள் வந்து பார்த்தபோது இன்னொரு பாதியையும் காணோம்.

“எங்க போட்ட?”

“தின்னுட்டேன் அத்தே.”

பேச்சியம்மாள் நம்பாமல் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்புறம் அந்தக் கிண்ணம்தான். கொஞ்சம் தயிர்ச்சோறு. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு சின்னத் துண்டு மாம்பழம். அப்புறம் ரெண்டாகப் பிட்ட ஒரு ரொட்டி. படுக்கைக்குப் பக்கத்தில் பொரி டப்பா. எல்லாம் தங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வேளை வந்தது. வந்தால் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த கிண்ணம் போயிற்று. பேச்சியம்மாளுக்கு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து முழங்கால் விட்டுப்போனது. “உக்கார விடுதாளா பாரு” என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

சிலிண்டருக்குப் பின்னால் இருட்டு. தூசி. ஒரு கரப்பான் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. தட்டுக்கு அழுகை அழுகையாக வந்தது. இப்படிக் கிடக்கவா சீராக வந்தேன்?

ஒரு நாள் குமட்டல் அந்தப் பக்கம் வந்தான். சோர்ந்து தெரிந்தான்.

“சதி பண்ணிட்டியே தட்டே. எப்போ எட்டிப் பார்த்தாலும் உள்ளே எவனாவது ஒருத்தன் உக்காந்திருக்கான்.”

“ஊரை விட்டுப் போயிரேன்.”

“போகலை. தெருமுனையில நிக்கேன். என் நாள் முடியற வரைக்கும் நிப்பேன். அசந்தா வருவேன்.”

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஆட்டோ வந்து நின்றது. பேச்சியம்மாள் மட்டும் நேரே அடுப்படிக்கு வந்து, செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். தட்டு காதைத் தீட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலேயே படுக்கப் போட்டுவிட்டார்களா? அந்தப் பிள்ளை எங்கே?

“எடை இறங்கலையாம்” என்றாள் பேச்சியம்மாள், அடுப்பைப் பார்த்து. “அப்படியே நிக்காம். உள்ளே துடிப்பும் நல்லா இருக்காம். ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாமாம்.” அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிலிண்டருக்குப் பின்னால் தட்டும் அழுதது.

அடுத்த வாரம் கேஸ் தீர்ந்தது. புது சிலிண்டர் கொண்டுவந்த ஆள் பழையதை உருட்டியதும் தட்டு கணகணவென்று வெளியே விழுந்தது.

“கள்ள முண்டை, இங்கனயா கெடக்க?” பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, சாப்பிட உட்கார்ந்திருந்த கோமதியின் முன்னால் வைத்தாள். சோற்றுப் பானையைத் திறந்து கரண்டி நிறைய அள்ளினாள்.

வேண்டாம், வேண்டாம் என்று தட்டு அலறியது. யாருக்குக் கேட்கும்? தெருமுனையில் நின்றிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

கோமதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். அள்ளிய கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அது திரும்பிப் பானைக்கே போனது. அவள் எழுந்துபோய்ப் பாயசக் கிண்ணத்தை எடுத்துவந்து தட்டின் நடுவில் வைத்து, அதில் கொஞ்சம் ரசஞ்சோறு போட்டாள். அவள் கைக்குக் கொஞ்சம் இல்லை, நிஜமாகவே கொஞ்சம்.

கோமதி மெதுவாகத் தின்றாள். கிண்ணத்திலிருந்து சிந்திய பருக்கை ஒன்று தட்டில் விழுந்தது. அதையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தின் அடி தெரிந்தது. தட்டு பழக்கத்தில் ‘போதும்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. கோமதியின் கை விரியவில்லை.

“அத்தே, இன்னும் ரெண்டு வாய் இருக்கா?”

பேச்சியம்மாள் கரண்டியோடு குனிந்தாள். அவள் கேட்டது ரெண்டு வாய். இவள் ஒரு வாய்தான் போட்டாள்.