ஆற்றில் அலசிய சிவப்பு

"சாயத்தை எப்படிம்மா நிறுத்துறது?" என்று கேட்டார் புன்னைவனம்.

"என்னத்துக்கு அண்ணாச்சி நிறுத்தணும்?" என்றார் பிரமநாயகி அம்மை.

அவ்வளவுதான். பிறகு அவர் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவதில் அம்மைக்கு நிகர் அம்மைதான்.

தாமிரபரணிக் கரையில் இருந்தது அவருடைய மடம். அம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். புன்னைவனம் அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் அவர் அம்மையை அம்மா என்பார், அம்மை அவரை அண்ணாச்சி என்பார். மடத்தில் வயதுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தங்கிப் பழகியவர்கள் விடைபெறும்போது, துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு ஒட்டுப்போர்வை தைத்து எடுத்துப் போக வேண்டும். தைப்பதற்கு முன் துணிகளை ஒன்றாக ஊறவைப்பார்கள். ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறாவிட்டால் தைக்கலாம். ஏறினால், இன்னும் கொஞ்ச காலம் மடத்துச் சோறு.

புன்னைவனத்துக்கு அந்தக் கொஞ்ச காலம் இல்லை. மகள் கோமு நிறைமாதமாக இருப்பதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறப்பதற்குள் போய் நிற்க வேண்டும், போர்வையை அவள் கையில் கொடுக்க வேண்டும். ராத்திரி பகலாக அவருக்கு அதே நினைப்பு.

கோமு தன் விருப்பப்படி கல்யாணம் பேசிக்கொண்டு வந்து நின்ற அன்று, வாசற்படியில் வைத்து அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றைக்குப் படி இறங்கியவள்தான். மூன்று வருஷமாகிறது. என்ன வார்த்தை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, அம்மையிடம்கூட.

போர்வைக்கு அவர் எடுத்துவைத்தது இரண்டே துணிகள். தன்னுடைய வெள்ளை வேட்டி ஒன்று. அந்த வருஷத் தீபாவளிக்கு மகளுக்கென்று வாங்கி, கொடுக்காமலே போன சிவப்புச் சுங்குடிச் சேலை ஒன்று. மடிப்புக்கூடக் கலையாத சேலை. தண்ணீரைக் கண்டதும் அது கக்கிய சிவப்பைப் பார்த்து மனுஷர் பயந்துபோனார்.

கல்லுப்பில் ஊறவைத்தார். படிகாரம் போட்டார். யாரோ சொன்னார்களென்று புளித்த காடியும் ஊற்றினார். சேலை ஊறுகாய் ஆகவில்லையே தவிர, சாயம் நிற்கவில்லை.

கடைசியில் ஆற்றுக்கு எடுத்துப்போனார். இழுத்து ஓடும் தண்ணீரில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் கொஞ்சம் சிவப்பு ஓடியது. பிறகு தண்ணீர் பளிங்காக ஓடியது. எவ்வளவு கசக்கியும் பளிங்குதான்.

ஈரச் சேலையோடு ஓடிவந்தார்.

"தெளிஞ்சிட்டும்மா. என் கோவமும் இப்படித்தான். இங்க வந்து ஒரு வருஷமாச்சு, ஒருத்தரை ஒரு சுடுசொல் சொல்லியிருப்பேனா? விடை குடுங்க."

அம்மைக்கும் சந்தோஷம்தான். வேட்டியையும் சேலையையும் ஒரே வாளியில் போட்டு வைக்கச் சொன்னார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சாயங்காலம் வேட்டி ரோஜா நிறத்தில் இருந்தது.

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் உலகம்மை அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். தினமும் அவர் இலையில் முதல் கரண்டி போடுகிறவள்.

"யாருடி இந்த வாளியில கை வச்சது?" என்று அவள்மேல் பாய்ந்தார் புன்னைவனம்.

அதோடு விடவில்லை. பொறாமைக்காரி என்றார். தான் விடைபெற்றுப் போவது பொறுக்கவில்லை என்றார். அவளுடைய செத்துப்போன புருஷன் வரைக்கும் இழுத்தார். உலகம்மை குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

அப்போதுதான் புன்னைவனம் தன் குரலைத் தானே கேட்டார். வாசற்படியில் நின்று கத்திய அதே குரல். அதற்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை.

ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு அம்மையிடம் போனார். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "ஆத்துல தெளிவாத்தானேம்மா வந்துச்சு" என்றார்.

"ஆத்துல எதை அலசினாலும் தெளிவாத்தான் வரும் அண்ணாச்சி. வாளியிலதான் தெரியும்."

ஒரு வருஷமாக இந்த மடத்தில் தன்னை யார் எதிர்த்துப் பேசினார்கள் என்று புன்னைவனம் யோசித்துப் பார்த்தார். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வேட்டியை உதறிக் கொடியில் போடப் போனார். எல்லாரும் நடந்து மட்டுமே பார்த்திருக்கிற அம்மை அன்றைக்கு ஓடிவந்தார். வேட்டியைப் பிடுங்கினார்.

"காய விடாதீங்க. காஞ்சாத்தான் அது கறை."

அண்டா நிறைய வெந்நீர். ஒரு கை சவுக்காரத் தூள். அம்மை முழங்கை வரைக்கும் விட்டு வேட்டியை அமுக்கினார். தண்ணீர் சிவக்கச் சிவக்கக் கொட்டினார், மறுபடி ஊற்றினார். அவருடைய கைகள் வெந்து வேட்டியைவிடச் சிவந்திருந்தன. மடத்துக்கே குரு, ஒரு கிழவனின் வேட்டியை இப்படித் துவைக்க வேண்டுமென்று என்ன இருக்கிறது? அந்தக் கைகளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது புன்னைவனத்துக்கு.

கும்பிடவில்லை. யாரும் சொல்லாமலே எழுந்து சமையல்கட்டுக்குப் போனார்.

உலகம்மையிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பிறகு, "இலை போட்டாச்சு, வந்து உக்காருங்க" என்று அவள் சொல்வது மட்டும் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது வேட்டி அநேகமாக வெள்ளையாகியிருந்தது.

"அம்மா, ஏற்கெனவே காஞ்சு போன கறை?"

எந்தத் துணியைக் கேட்கிறார் என்று அம்மை கேட்கவில்லை.

"ஊறணும். தண்ணி நிறைய வேணும். நாளாகும். போனாலும் போகும், போகாமலும் இருக்கும்."

புன்னைவனம் அண்டாப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளிடம் சொன்ன அந்த வார்த்தையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். அம்மை முழுவதும் கேட்டார். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

பிறகு அம்மை எழுந்து சிவப்புச் சேலையைப் பிழிந்து வாளியில் போட்டார். வேட்டியை அவர் தோளில் ஈரத்தோடு போட்டார். வாளியை அவர் கையில் கொடுத்தார்.

"கிளம்புங்க அண்ணாச்சி."

"இன்னும் சாயம் போகலையேம்மா. போர்வையும் தைக்கல."

"மிச்சத்தை அங்க போய் அலசுங்க."

"கோமு வீட்டுப் பக்கம் ஆறு கிடையாதும்மா. ஒரு குழாயடியும் ஒரு வாளியும்தானாம்."

"அதுக்குத்தான் போகச் சொல்லுதேன்" என்றார் அம்மை.