ஒரு பிடி தவிடு

சிரிப்புதான் முதலில் கேட்டது. மடத்துச் சமையற்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகநயினாருக்கு எரிச்சல் வந்தது. இங்கே ஒருவன் குடி முழுகி நிற்கிறான், அங்கே என்ன கும்மாளம்?

எட்டிப் பார்த்தார். குரு மாசிலாமணி அம்மை தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சமையற்காரி கைக்குழந்தையோடு. வயதைப் பார்த்தால் அம்மை அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவர்தான் சீடர்.

“வாங்க அண்ணாச்சி. முகம் ஏன் சுண்டிக் கிடக்கு?”

“சத்திரம் கட்டி முடிச்சாச்சும்மா. கல்லில் பேர் வெட்டணும். பூட்டன், தாத்தா, அப்பா, நான். கல்தச்சன் வாசல்ல காத்திருக்கான். பூட்டனை விட்டுடச் சொல்லலாம்னு பார்க்கேன்.”

“அவர் என்ன பாவம் பண்ணினார்?”

“ஒரு வருஷமா அலைஞ்சேன். அந்தக் காலத்து ஜமீன் சரித்திரம் அத்தனையும் கிடைச்சுது. எந்த யானைக்கு எப்போ மதம் பிடிச்சதுன்னுகூடச் சொல்லுவேன். பூட்டனைப் பத்தி மட்டும் ஒரு கிழவி சொன்ன ஒத்தை வார்த்தைதான்.” குரல் இறங்கியது. “தவிட்டுக்கு வாங்கின பிள்ளையாம். அதான் பேரே தவிடன். எவனோ பெத்து வித்த பிள்ளை. நாங்க யார் வம்சம்னே தெரியலை.”

“தவிடன் பிறந்த வருஷம் ஊர்ல என்ன நடந்தது?”

நயினார் நிமிர்ந்தார். இது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

“வாந்திபேதி. அரண்மனையிலேயே மூணு பிள்ளைகளும் போயிட்டாங்க. ஜமீன்தார் சாமிக்குத் தங்கத்தொட்டில் நேர்ந்தார். கப்பலேறி வைத்தியர் வந்தார். ஒண்ணும் பலிக்கலை. வாரிசில்லாம ஜமீனே அத்துப்போச்சு.”

“தவிடனுக்கு முன்னால பிறந்தவங்க?”

“ரெண்டு அண்ணன்மார்னு வீட்ல சொல்லுவாங்க. ரெண்டும் தங்கலை…”



அம்மை எழுந்து கையைத் துடைத்தாள். குழந்தையை வாங்கி முறத்தில் கிடத்தினாள்.

“இது என் பிள்ளை. விலைக்குத் தாரேன். என்ன தருவே? எமன் காதுல விழுற மாதிரி சொல்லு.”

சமையற்காரிக்குப் புரிந்தது. மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளி அம்மையின் கையில் போட்டாள். “இந்தச் சவலைக்கு இதுவே ஜாஸ்தி.” தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நயினார் அம்மையின் கையிலிருந்த தவிட்டைப் பார்த்தார். “அப்போ… தவிடனை வாங்கினவ?”

“பெத்தவதான். தவிட்டு விலைப் பிள்ளையைக் கொண்டுபோய் என்ன பண்ணன்னு எமன் திரும்பிப் போகணும்லா? அந்த வருஷம் தங்கத்தொட்டில் தோத்துது அண்ணாச்சி. ஒரு பிடி தவிடு ஜெயிச்சுது. ஜெயிச்சவ வம்சம் நீங்க.”

நயினார் வாசலுக்கே ஓடினார். “ஏய், தவிடன்னு முதல்ல வெட்டு. பெருசா வெட்டு.”

“அவ்வளவு பெருசா வெட்டினா நாலு பேருக்கு இடம் பத்தாதே முதலாளி.”

“அப்போ என் பேரை எடுத்துடு.”

உள்ளே அம்மை உட்கார்ந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.